பதறாதவர்

அந்தத் தீவு எவ்வளவு சின்னது என்றால், கிழக்குக் கரையில் ஒருவர் தும்மினால் மேற்குக் கரையில் இருப்பவர் "ஆயுசு நூறு" என்பார். நடுவில் இருக்கும் சமையல்காரர் இரண்டையும் கேட்டுவிட்டு வெந்நீரில் இஞ்சி தட்டிப் போடுவார். இதில் மிகை ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராதவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் தீவு சின்னதுதான்.

ஆறு நாள் தங்குவதற்காக அங்கே மூன்று பேர் வந்து இறங்கினார்கள். லிஃப்ட்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் இல்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவர். முப்பத்தொரு வருஷம் அதுதான் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே தொங்கும் பெட்டிக்குள் யாராவது கதவைக் குத்திக் கதறினால், இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க. மூக்கால இழுங்க, வாயால விடுங்க. நான் இருக்கேன்ல" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் லிஃப்டே கொஞ்சம் நிதானத்துக்கு வரும் என்று அவர் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவர்தான்.

அவரிடம் கதைகள் நிறைய இருந்தன. பதினோரு பேரும் ஒரு பீரோவும் மாட்டிக்கொண்ட லிஃப்டை ஒற்றை ஆளாய் ஏழு மாடி மேலே இழுத்த கதை. கை வழுக்கியபோது கயிற்றைப் பல்லால் பிடித்துக்கொண்டே மேலதிகாரிக்கு போனில் பதில் சொன்ன கதை. எல்லாக் கதையிலும் எல்லாரும் பதறுவார்கள். ஒரே ஒருவர் பதறமாட்டார். மனைவியின் தம்பி இதில் ஒன்றைக்கூட நம்பியதில்லை. "அத்தான், போன தடவை சொல்றப்ப அது பீரோ இல்லையே, கட்டில்ல?" என்பார். "பீரோவுக்குள்ள கட்டில் இருந்துச்சு மாப்ளே" என்று இவர் கண்ணிமைக்காமல் சொல்வார்.

மனைவி அவருக்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." இருபத்தொன்பது வருஷம் இந்த நாலு வாக்கியத்தில் குடும்பத்தையும் சேர்த்து நடத்தியவர். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது இரண்டே பொருள்: ஒரு மிக்ஸி, சமையலறையில் ஒரு ஜன்னல். ஓய்வு பெற்ற அன்றைக்கு மூன்றாவதாக ஒன்று கேட்டார்.

"கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்க்கணுங்க."

"அட, என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டியே!" என்றார் லிஃப்ட்காரர். அவர் மனசில் அப்போது இருந்தது மதியத் தூக்கம்.

ஆக, தீவு. ஸ்கூபா கற்றுக்கொடுக்கிற ஒரு சின்னப் பள்ளி, பலகையால் கட்டிய நாலு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம். அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் யோசிக்கும். குழாயில் உப்புத் தண்ணீர். சோப்பைத் தேய்த்தால் நுரைக்காமல் கோபித்துக்கொண்டு கரையும். வாசல் கயிற்றில் இரண்டு ரப்பர் உடுப்புகள் தலையில்லாமல் தொங்கின. பின்பக்கம் சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கும் எந்திரம் பகலெல்லாம் குறட்டை விட்டது. காலையில் மீனும் முட்டையும், மதியம் மீனும் சோறும், மாலையில் மீனும் மீனும். மனைவியின் தம்பி சாப்பிட மட்டுமே வந்தவர். "தண்ணியில நான் கால் வைக்கமாட்டேன்கா. குளிக்கிறதே டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான்" என்று முதல் நாளே சொல்லி, கையில் போனோடு கூடத்தின் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தவர் முப்பத்தைந்து வயசுப் பெண். எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். குள்ளம், ஆனால் தண்ணீருக்குள் பார்த்தால் ஆறடி இருப்பார். ஐந்து நாள் பாடம். நாலாம் நாளுக்குள் தேறியவர்களை ஐந்தாம் நாள் காலை படகில் ஏற்றி, கடல் சட்டென்று ஆழமாகும் பவளச் சுவருக்குக் கூட்டிப் போவார். ஆறாம் நாள் ஊர் திரும்பும் படகு. தேறாதவர்கள் கரையில் உட்கார்ந்து மீன் சாப்பிடலாம். இப்போது நம் கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்: லிஃப்ட்காரரின் மனைவி பார்க்க ஆசைப்பட்டது அந்தச் சுவரை. அதற்கு நாலாம் நாளுக்குள் தேற வேண்டும்.

"முதல் விதி, எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிச்சு வைக்கக்கூடாது" என்றார் டீச்சர்.

"இருபத்தொன்பது வருஷம் ஊர் ஜனத்துக்கெல்லாம் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார் எக்ஸ்ரே அம்மாள். அவர் அந்த மாதம் அடித்த ஒரே ஜோக் அது.

இரண்டாவது விதி துணை. தனியாக யாரும் இறங்கக்கூடாது, இரண்டிரண்டு பேர். கணவனும் மனைவியும் ஒரு ஜோடி. புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த இளசுகள் இன்னொரு ஜோடி. ஒவ்வொருவர் வாயிலும் கறுப்பாக ஒரு வாய்க்குழாய். நெஞ்சில் மஞ்சள் நிறத்தில் உபரியாக இன்னொன்று தொங்கும். ஒருவருக்குக் காற்று நின்றுபோனால் துணையின் மஞ்சள் குழாயை எடுத்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். "அடுத்தவங்க வாயில இருக்கிறதை மட்டும் தொடவே கூடாது!" இதைச் சொல்லும்போது மட்டும் டீச்சர் குரலை உயர்த்தினார்.

லிஃப்ட்காரர் சிரித்தார். "இதையெல்லாமா டீச்சர் சொல்லித் தரணும்? மனுஷனாப் பொறந்தவனுக்கு அவ்வளவுகூடத் தெரியாதா?"

மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நன்றாகவே போயிற்று. அம்மாள் தண்ணீருக்குள் போனதும் வீட்டுக்கு வந்தவர் போல ஆகிவிட்டார். இருட்டறையில் பிலிம் கழுவிய கை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எந்த வார் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரிந்தது. லிஃப்ட்காரரோ தண்ணீருக்குள் இருந்த நேரத்தைவிட வெளியே நின்று இளசுகளுக்கு யோசனை சொன்ன நேரம்தான் அதிகம். "பயம்கிறது என்ன தம்பி? மூக்கால இழுத்து வாயால விட்டா போச்சு." ஸ்கூபாவில் மூக்கால் எதையும் இழுக்க முடியாது, மூக்கைக் கண்ணாடி மூடியிருக்கும் என்று டீச்சர் இரண்டு தடவை திருத்தினார்.

நாலாம் நாள் காலை கடலுக்குள் இறங்கினார்கள். ஐந்து மீட்டர். லிஃப்ட்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார்: ஒன்றரை மாடி. அவருடைய கணக்கில் ஒன்றரை மாடி ஒரு ஆழமே இல்லை. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி இளசுகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது லிஃப்ட்காரரின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. ரொம்ப இல்லை. ஒரு தேக்கரண்டி. அது மூக்குக்குள் போய்க் காரமாக உறைத்தது. உடனே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: மேலே கடல் மொத்தமும் இருக்கிறதே, இது எப்போது இவ்வளவு கனமாயிற்று? வாயைத் திறந்தார். குழாய் நழுவியது. துழாவினார், கிடைக்கவில்லை. எதிரே அரை கைத் தூரத்தில் மனைவியின் நெஞ்சில் மஞ்சள் குழாய் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. குருடனுக்கும் தெரிகிற மஞ்சள்.

அவர் அதை எடுக்கவில்லை. மனைவியின் வாயில் இருந்ததைப் பிடுங்கினார்.

பிடுங்கும்போது முழங்கை மனைவியின் கன்னத்தில் இடித்தது. அம்மாளின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. இரண்டு இழுப்பு இழுத்தார். அதுவும் போதவில்லை. குழாயை வீசிவிட்டு மனைவியின் தோள்மேல் காலை ஊன்றி, ஏணிப்படி ஏறுகிறவர் போல ஏறி, கத்திக்கொண்டே மேலே போனார். கத்தியதுதான் அவரைக் காப்பாற்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வேகத்தில் போயிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும் என்று பின்னால் டீச்சர் சொன்னார். அந்தக் கத்தலைக் கேட்டு மூன்று மைல் சுற்றளவில் மீன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. டீச்சரும் பார்த்தார். பார்த்தபோது ஒரே மணல் புழுதி. அது அடங்கியபோது அந்த அம்மாள் கண்ணாடி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் குழாயை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் குழாய் பக்கத்தில் பாம்பு போல நெளிந்துகொண்டிருந்தது.

எல்லாரும் மேலே வந்தார்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டார் டீச்சர்.

அந்த அம்மாள் இருமிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். உள்ளதைச் சொல்லத்தான் திறந்தார் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரே பாதையில் ஓடிய வாய் அது.

"அவ பதறிட்டா டீச்சர். வாயில இருந்ததைத் துப்பிட்டா. நான்தான் மஞ்சளை எடுத்து வாயில வச்சுட்டு உதவிக்கு ஆள் கூப்பிட மேல வந்தேன்."

சொல்லி முடித்ததும் மனைவியைப் பார்த்தார். இருமல் நின்றிருந்தது. அம்மாள் அவரையே பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது போல ஒரு பார்வை.

டீச்சர் வருத்தமாகத்தான் சொன்னார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. பதறிக் குழாயைத் துப்பினவங்களை ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு அனுமதி இல்ல. இன்னும் ரெண்டு நாள் பழகணும். நாளைக்குப் படகுல நீங்க வேண்டாம்." பிறகு லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, இந்த வயசுல இந்த நிதானம் நான் பார்த்ததில்ல. நீங்க தேறிட்டீங்க."

மதியச் சாப்பாட்டுக்குள் தீவு முழுக்கச் செய்தி. சமையல்காரர் மற்றவர்களுக்குத் துண்டு போட்டுவிட்டு, லிஃப்ட்காரர் தட்டில் முழு மீனாக வைத்தார். தட்டுக்கு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலை அவருக்கு, வால் பக்கத்து மேஜைக்கு. "சாப்பிடுங்கய்யா. பொண்டாட்டியைக் கடல்லேர்ந்து மீட்டுட்டு வந்தவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

மனைவியின் தம்பி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம். "அத்தான், உங்களை என்னென்னமோ பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க. எங்கக்காவைக் காப்பாத்திட்டீங்க." முப்பத்து நாலு வருஷத்தில் அவர் நம்பிய முதல் கதை அது.

நம்பியதோடு விட்டாரா? போனை எடுத்துச் சொந்தக்காரர்களை வரிசையாக அழைத்தார். பெரியம்மாவுக்குச் சொன்னபோது ஆழம் ஐந்து மீட்டர். சின்ன மாமாவுக்குப் பதினைந்து. சித்தப்பா மகனிடம் வரும்போது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. அதற்கடுத்த அழைப்பில் ஒரு சுறா. லிஃப்ட்காரர் தன் கதைகளைத் தானே பெரிசாக்கித்தான் பழகியிருந்தார். இன்னொருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் அவர் நாற்காலியில் ஒரு விரற்கடை தாழ்ந்தார். கதை முப்பது மீட்டரைத் தொட்டபோது மேஜைக்கு மேலே அவருடைய கண் மட்டும்தான் தெரிந்தது.

எதிரே அவர் மனைவி தலையைக் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு வந்து ஆறுதல். "பதறாதீங்க ஆன்ட்டி, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றது புதுப்பெண். "ஐயா மாதிரி நிதானம் வரணும்னா நாளாகும்மா" என்றார் சமையல்காரர். கன்னத்தில் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்ததைப் பார்த்து ஐஸ்கட்டி கொண்டுவந்தார். "பாறையில இடிச்சுக்கிட்டீங்களா?"

"பாறை இல்ல" என்றார் அம்மாள். ஐஸை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. நன்றி."

முழு மீன் ஒற்றைக் கண்ணால் லிஃப்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் ஒரு கண் இருந்தது.

அறைக்கு வந்ததும் அம்மாள் ரப்பர் உடுப்பை வாளியில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தார். நாளைக்குத் தேவையில்லை என்பதால் மடித்துத் திருப்பிக் கொடுக்கத் தயார் செய்தார். கணவரின் உடுப்பைத் தொடவில்லை.

"ஏம்மா..." என்றார் லிஃப்ட்காரர்.

"ம்."

"நீ ஏன் டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாம்..."

"தண்ணியிலேர்ந்து வந்ததும் சொல்வீங்கன்னு பார்த்தேன். சாப்பிடறப்ப சொல்வீங்கன்னு பார்த்தேன்." உடுப்பை மடித்து முடித்தார். "இப்ப பார்க்கல."

லிஃப்ட்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். மின்விசிறி யோசித்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் எத்தனையோ பேரைக் கதவைப் பிளந்து வெளியே எடுத்திருக்கிறார். சிலர் வெளியே வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிடுவார்கள். நன்றி கெட்ட ஜன்மங்கள் என்று அவர் நினைத்ததுண்டு. உள்ளே தாங்கள் எப்படிக் கத்தினோம் என்பதைக் கேட்ட ஒரு ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது. அவர்களுக்காவது ஓட மாடிப்படி இருந்தது. தீவில் எங்கே ஓடுவது? ஐந்து நிமிஷம் ஓடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

நாலு மணிக்கு டீ. எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார்.

"டீச்சர், காலையில நான் சொன்னது பொய். பதறினது நான். அவ வாயில இருந்ததைப் பிடுங்கினது நான். அவ தோள்ல மிதிச்சுட்டு ஓடி வந்தேன். அவ ஒரு தப்பும் பண்ணல. அவளைப் படகுல கூட்டிட்டுப் போங்க."

புதுப்பெண் மூக்கை உறிஞ்சினாள். "எவ்வளவு நல்லவரு பாருங்க. ஆன்ட்டிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு." கணவன் பக்கம் திரும்பி, "நீங்க செய்வீங்களா?" என்றாள். அவன் டீயைப் பார்த்தான்.

டீச்சர் சிரித்தார். "ஐயா, மாசத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றாங்க. சம்சாரம் படகுல ஏறணும்னு என்ன வேணா சொல்வாங்க. உங்க மனசு புரியுது. ஆனா விதி விதிதான்."

"மாப்ளே, நீயாவது சொல்லுடா! நான் எப்பவுமே பொய் சொல்றவன்தானே?"

"அதெல்லாம் அந்தக் காலம் அத்தான்" என்றார் மனைவியின் தம்பி, தழுதழுத்த குரலில். போனை எடுத்து வெளியே போனார். பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய புது அத்தியாயம் ஒன்று வந்துவிட்டதே.

லிஃப்ட்காரர் விடவில்லை. "அப்போ சோதிச்சுப் பாருங்க. இப்பவே. கண்ணாடியைக் கழட்டுங்க, நான் என்ன பண்றேன்னு பாருங்க."

முதலில் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில். டீச்சர் துணையாக உட்கார்ந்து அவர் கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்ட்காரர் பதற்றத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. வேண்டுமென்றால் எழுந்து நிற்கலாம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஒரு நிமிஷம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேலே வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். சமையல்காரர் சீட்டியடித்தார். ஒரு மனிதன் தான் கோழை என்று நிரூபிக்க இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு கைதட்டல் வாங்கியது உலகத்தில் வேறு எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

பதறுவது போல நடித்துவிடலாமா என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. நடிப்பு அவருக்குக் கஷ்டமில்லை. ஆனால் படகுத்துறைப் பலகையில் மனைவி உட்கார்ந்திருந்தார், காலைத் தொங்கப்போட்டு. அம்மாள் கைதட்டவில்லை. அங்கே ஒரு பார்வை போட்டதும் அந்த யோசனை செத்தது.

"இங்க இல்ல டீச்சர். காலையில போன அதே இடம். அதே ஆழம்."

"ஐயா, நிஜமாவே பதறிட்டீங்கன்னா ஆபத்து."

"நீங்க என் இடுப்பு வாரைப் பிடிச்சுக்குங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரிக்கவில்லை. "சரி, வாங்க."

மறுபடி அதே இடத்தில் இறங்கினார்கள். ஒன்றரை மாடி. இவ்வளவு பயந்துகொண்டு ஒரு இடத்துக்கு அவர் தன்னிஷ்டத்தில் போனதே இல்லை. மணலில் மண்டியிட்டார். டீச்சர் ஒரு கையால் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைக் கழற்றினார். தண்ணீர் மூக்கில் ஏறியது. கடலின் கனம் முழுவதும் தலையில் வந்து உட்கார்ந்தது. தன்னை அடக்கிக்கொள்ளவும் அவர் பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவையாவது மஞ்சளை எடு, மஞ்சளை எடு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கை போனது. போன இடம் டீச்சரின் வாய்.

டீச்சர் வாரை விடாமல் பிடித்திருந்ததால் மெதுவாகத்தான் மேலே வர முடிந்தது. தலை வெளியே வந்ததும் லிஃப்ட்காரர், "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்று கத்தினார். பரிசு வாங்கியவர் போல முகமெல்லாம் மலர்ச்சி.

அருகில் டீச்சரின் தலை எழும்பியது. கீழுதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்துகொண்டிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. சமையல்காரருக்கு அடுப்பு நினைவு வந்துவிட்டது. இளசுகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் படம் பிடித்துக்கொண்டிருந்த மனைவியின் தம்பி, போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டார். "எங்கக்கா தோள்லயா மிதிச்சீங்க அத்தான்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. அவரிடமிருந்து கிண்டல் இல்லாத கேள்வி வந்தால் எப்படி நிற்பதென்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை.

டீச்சர் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார். "கண்ணாடி இல்லாம, வாய்ல குழாய் இல்லாம, ஒரு ஆள் தோள்ல மிதிச்சுட்டுப் போனதுக்கப்புறம் நீங்களாவே மஞ்சளைத் தேடி எடுத்து வச்சு உக்காந்திருக்கீங்க. இதுக்கு மேல நான் உங்களுக்கு என்ன பரீட்சை வைக்கிறது? காலையில ஆறரைக்குப் படகு. நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க."

லிஃப்ட்காரர் துறைப் பலகைக்கு ஏறி வந்தார். சொட்டச் சொட்ட மனைவி முன்னால் நின்றார். ஏதோ ஒன்று எதிர்பார்த்தார். என்னவென்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டார்.

"டீச்சருக்கு ரத்தம் வருதே. மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார் அம்மாள்.

"கேட்டேன்."

"என்கிட்ட?"

ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. தீவு முழுக்க நிரூபித்தாயிற்று. அந்த ஒரு ஆளிடம் மட்டும் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. வாயைத் திறந்தார். பீரோவுக்குள் கட்டிலை வைத்த வாய். ஒன்றும் வரவில்லை. அம்மாள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு எழுந்து, புடவையில் மணலைத் தட்டிக்கொண்டு, சாப்பிடப் போனார். அன்றைக்கு அவர் இரண்டு மீன் சாப்பிட்டதாகச் சமையல்காரர் சொல்லக் கேள்வி.

மனைவியின் தம்பி சொந்தக்காரர்களை எல்லாம் மறுபடி வரிசையாக அழைத்துத் திருத்தம் சொன்னார். பெரியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளையை எனக்குத் தெரியாதா? அவர் பதற மாட்டார்டா" என்று போனைப் பிடுங்காத குறையாகச் சண்டை போட்டார். கூடத்தின் மூலையில் இருந்த லிஃப்ட்காரருக்கு அது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

காலையில் படகில் அவருக்கும் இடம் கிடைத்தது, சிலிண்டர் தூக்கிக் கொடுக்கிற ஆளாக. பவளச் சுவருக்கு மேலே படகு நின்றது. டீச்சர் அம்மாளுக்குத் துணை. இரண்டு பேரும் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். இளசுகளும் விழுந்தார்கள். கீழே பதினெட்டு மீட்டர், ஆறு மாடி. மேற்பரப்பில் நாலு இடத்தில் குமிழ்கள் வந்து உடைந்தன. அதில் மனைவியின் மூச்சு எது என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று மற்ற மூன்றையும்விட நிதானமாக வந்தது. அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேலே வந்த அம்மாளின் முகம் அவர் பார்த்தறியாத முகமாக இருந்தது. கையைப் பிடித்து ஏற்றினார். அம்மாளும் பிடித்துக்கொண்டார், ஏறியதும் விட்டுவிட்டார். "என்ன பார்த்தே?" என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அம்மாளாகவும் சொல்லவில்லை.

படகு திரும்பும்போது டீச்சர் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார். இறங்கிய ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், என்ன நடந்தது என்று எழுதி, கூட இறங்கிய துணையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் இறங்கியது கணக்கில் சேராது. அம்மாள் மடியில் வைத்து நிதானமாக எழுதினார். டீச்சர் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அம்மாள் முந்தைய பக்கத்தைத் திருப்பி, படகின் ஆட்டத்துக்குப் பிடித்துக்கொண்டே கணவரிடம் வந்தார்.

"இதுல நீங்க போடணும். நேத்து நீங்கதான் துணை."

வாங்கிப் பார்த்தார்.

நாலாம் நாள். ஐந்து மீட்டர். பத்து நிமிடம். தண்ணீர் கலங்கல். துணை என் வாய்க்குழாயைப் பிடுங்கினார். முழங்கை கன்னத்தில் பட்டது. என் தோளில் மிதித்து மேலே போனார். மஞ்சள் குழாய் நன்றாக வேலை செய்தது.

லிஃப்ட்காரர் இரண்டு முறை படித்தார். எந்தச் சொல்லையாவது கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ முடியுமா என்று வழக்கப்படி கண் தேடியது. ஒரு சொல்லும் அசையவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றார். குரல் எந்திரச் சத்தத்தில் பாதி போய்விட்டது.

"ம்" என்றார் அம்மாள். பேனாவை நீட்டினார். "பேரையும் கீழ எழுதணுமாம். கிறுக்காம எழுதுங்க, படிக்கிற மாதிரி."

முழுப் பேரையும் எழுதினார். முதலெழுத்து, அப்பா பேர் எல்லாம் சேர்த்து. எழுத்து கோணாமல் இருக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. அம்மாள் வாங்கிச் சரிபார்த்தார். மை காயக் காற்றில் ஆட்டினார். பிறகு படகின் முன்பக்கம், "ஆன்ட்டி, அந்தப் பெரிய மீனைப் பார்த்தீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இளசுகளிடம் போய் உட்கார்ந்தார். கையை விரித்து, இவ்வளவு பெரிசு என்று காட்டிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் பின்பக்கம் காலி சிலிண்டர்கள் உருளாமல் ஒவ்வொன்றாகக் கட்டினார்.